கருவண்டும் சாணிவண்டும்

இரவில் விளக்கைத் தேடி வந்து சுவரில் மோதி விழும் கறுத்த வண்டுக்குக் கொம்பும் இருந்துவிட்டால், அது தப்புவது அரிது. பளையிலோ முல்லைத்தீவிலோ தென்னம்பிள்ளை வளர்ப்பவர்கள் யோசிக்காமல் மிதித்துவிடுவார்கள். தென்னங்குருத்தைத் துளைக்கும் கருவண்டும் அப்படித்தான் இருக்கும் என்பதால் கோபம் நியாயமானது. ஆனால் கொம்பை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. தென்னையை ஒருநாளும் தொடாத பெரிய சாணிவண்டின் ஆணுக்கும் கொம்பு உண்டு.

கருவண்டின் அறிவியற்பெயர் ஒறிக்ரீஸ் றைனோசறஸ். சாணிவண்டு, கதார்சியஸ் மொலோசஸ். 1758இல் லின்னேயஸ் இரண்டையும் ஒரே பேரினத்தில்தான் வைத்தார். பிரித்தானிய இந்தியாவின் விலங்கினங்கள் பற்றிய நூல்வரிசையில் இலங்கையும் அடக்கம். அதில் ஏரோ என்ற ஆய்வாளர் கருவண்டின் துணைக்குடும்பத்தை 1910ஆம் ஆண்டுத் தொகுதியிலும் சாணிவண்டின் துணைக்குடும்பத்தை 1931ஆம் ஆண்டுத் தொகுதியிலுமாகப் பிரித்து எழுதினார்.

வண்டை எடுத்து முதலில் முதுகைப் பாருங்கள். கருவண்டின் சிறகுமூடிகள் இரண்டும் மார்புத்தகட்டடியில் சேரும் இடத்தில் சின்ன முக்கோணத் தகடொன்று இருக்கும். சாணிவண்டில் அது வெளியே தெரியாது. மூடிகள் நேரே மார்புத்தகட்டில் முட்டி நிற்கும். நான் முதலில் நம்புவது இந்த அடையாளத்தைத்தான், ஏனென்றால் ஆண் பெண் என்று இது மாறுவதில்லை. கொம்பு மாறும். கருவண்டுப் பெண்ணின் கொம்பு குட்டை. சாணிவண்டுப் பெண்ணுக்கு வெறும் மேடுதான். தலையும் உதவும்: சாணிவண்டின் தலை மண்வெட்டிபோல் அகன்று வாயை மறைத்திருக்கும், கருவண்டினது ஒடுங்கி, முன்விளிம்பு பிளந்திருக்கும். கருவண்டின் வால்நுனியில் செம்பழுப்பு மயிர் அடர்ந்திருந்தால் அது பெண்.

புழுக்களும் இருக்கும் இடத்தால் வேறுபடுகின்றன. கருவண்டின் தடித்த வெள்ளைப் புழு எருக்குழியிலும் உக்கிய குற்றியிலும் சுருண்டு கிடக்கும். சாணிவண்டு சாணியை நிலத்தடிக்குக் கொண்டுபோய் உருண்டையாக்கி முட்டையிடும். கூன்முதுகுப் புழு அந்த உருண்டைக்குள்ளேயே வளரும். மாட்டுப்பட்டி மண் பொலபொலப்பதும் சாணி உரமாக இறங்குவதும் இந்த வேலையால்தான்.

கருவண்டில் அழிவு செய்வது வளர்ந்த வண்டு. குருத்தைத் துளைத்துச் சாறு குடிக்கும். பின்னர் விரியும் ஓலை ஆப்பு வடிவில் வெட்டுண்டு தெரியும். அந்தப் புண்ணில் செவ்வண்டும் முட்டையிட்டால் மரம் போய்விடும். 1909இல் இலங்கையிலிருந்து றப்பர் நாற்றுகளோடு சமோவாவுக்குப் போன இந்த வண்டு, பசிபிக் தீவுகளின் தென்னைகளையே ஆட்டிவைத்தது. வன்னியில் போரில் தலையிழந்து நின்று உக்கிய தென்னைகளும் அது பெருக ஏற்ற இடமே.

உக்கிய குற்றிகளை எரியுங்கள், எருக்குழியைக் கிளறிப் புழுவைப் பொறுக்குங்கள். பட்டியடியில் மண் குடையும் வண்டை அதன்பாட்டில் விடுங்கள்.