டோனாவூரின் அக்காள்மார்



கோவையில் என்னிடம் படித்து இன்று தாய்மார்களாக இருக்கும் சிலர், "டீச்சர், நாலைந்து கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித் தரலாமா?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக ஒரு பழைய வரலாறு.

1901-ல் திருநெல்வேலிச் சீமையில், கோயிலுக்குப் பொட்டுக்கட்ட விடப்பட்டிருந்த ஒரு சிறுமி தப்பி வந்து, அயர்லாந்துக்காரரான ஏமி கார்மைக்கேல் அம்மையாரிடம் அடைக்கலம் புகுந்தாள். அவளைப் போல் மேலும் பலர் வந்தார்கள். டோனாவூரில் ஒரு பெரிய குடும்பமே உருவானது. ஏமி எல்லோருக்கும் அம்மா. வளர்த்த தமிழ்ப் பெண்கள் அக்காள். வெளிநாட்டுப் பெண்கள் சித்தி. பிள்ளைகள் வந்து சேர்ந்த நாளையே பிறந்தநாள் போலக் கொண்டாடினார்கள். படிப்பு, பாட்டு, ஜெபம், தோட்டவேலை எல்லாம் அந்த வளாகத்திலேயே நடந்தன.

ஏமியின் பெயர் உலகம் அறியும். பொன்னம்மாளைப் பலர் அறியார். இளவயதிலேயே விதவையானவர். நெய்யூரில் கைக்குழந்தைகளைப் பராமரித்தவர். 1915-ல் புற்றுநோயால் இறந்தார். பேரிழப்புதான். ஆனாலும் வீடு கலையவில்லை. மற்ற அக்காள்மார் சுமந்தார்கள்.

ஆகவே தாய்மார்களே, ஒருத்தி மட்டும் சுமக்கும்படி தொடங்காதீர்கள். ஒருவர் நோயில் விழுந்தாலும் பாடம் நிற்கக் கூடாது.

இன்னொன்று. அந்தப் பிள்ளைகளுக்கு வெளியே ஆபத்து இருந்தது, மதில் தேவைப்பட்டது. உங்கள் பிள்ளைகளுக்கு வெளியே பாட்டி, தாத்தா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், வேறு மதத்துத் தோழர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு பழக விடுங்கள். அதுவும் படிப்புதான்.

உங்கள் கருத்தை எழுதுங்கள், கண்ணுகளா.