மலிவு ஃபயர்வால் பெட்டி

வீட்டிலோ சிறு அலுவலகத்திலோ திறமூல மென்பொருளால் ஃபயர்வால் அமைக்கக் குறைந்த விலையில் வாங்கப்படும் சிறு கணினி. ஃபயர்வாலைத் தீயரண் என்றும் சொல்வர். இணையம் வரும் கேபிள் ஒரு போர்ட்டிலும் உள்வலை இன்னொரு போர்ட்டிலும் சேரும். இடையே கடக்கும் ஒவ்வொரு பாக்கெட்டையும் விதிகளோடு ஒப்பிட்டு விடுவதோ தடுப்பதோ இதன் வேலை. இதற்கான மென்பொருள்களில் பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் இரண்டும் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் மீது இயங்குபவை. ஐபிஃபயர், ஓப்பன்டபிள்யூஆர்டி இரண்டும் லினக்ஸ் மீது. மென்பொருளை விலையின்றிப் பெறலாம் என்பதால் செலவெல்லாம் பெட்டிக்குத்தான். அந்தச் செலவில் செயலியைவிட நெட்வொர்க் சிப்பே முதலில் பார்க்கவேண்டியது.

சிறு பலகையில் முழு ஃபயர்வால் ஓடும் என்று பலருக்குக் காட்டியது மோனோவால் என்ற மென்பொருள். ஸ்விட்சர்லாந்தின் மானுவேல் காஸ்பர் 2003இல் வெளியிட்ட இது, சோக்ரிஸ், பிசி எஞ்சின்ஸ் நிறுவனங்களின் பலகைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அமைப்புகள் அனைத்தும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில் அடங்கின. 2004இல் இதிலிருந்து பிஎஃப்சென்ஸ் கிளைத்தது. அதிலிருந்து 2015இல் ஓபிஎன்சென்ஸ். அதே ஆண்டு பிப்ரவரியில் மோனோவாலை நிறுத்திய காஸ்பர், தம் பயனர்களுக்கு ஓபிஎன்சென்ஸைக் கைகாட்டினார்.

ஸ்விஸ் நிறுவனமான பிசி எஞ்சின்ஸின் ஏபியு2 பலகை பல ஆண்டுகள் இவ்வகையின் அளவுகோலாக இருந்தது. 1 கிகாஹெர்ட்ஸில் ஓடும் நான்கு கோர் ஏஎம்டி செயலி, 2 அல்லது 4 ஜிபி நினைவகம், மூன்று இன்டெல் போர்ட்டுகள், மின்விசிறி கிடையாது. செயலியின் சூடு ஓர் உலோகத் தகடு வழியாக அலுமினியப் பெட்டிக்கே இறங்கும். பெட்டியின் அடிப்பக்கத்தைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். மானிட்டர் மாட்ட இடமில்லை. முதன்முறை நிறுவுகிறவர் சீரியல் கேபிளைச் செருகி, டெர்மினலில் வேகத்தை 115200 என்று வைக்கவேண்டும். வேகம் தவறினால் திரையில் புரியாத குறிகளாகக் கொட்டும். பலகை கெட்டுவிட்டது என்று பயந்தவர்கள் உண்டு, எண்ணைத் திருத்தினால் எழுத்து தெளிந்துவிடும். 2023இல் இந்த வரிசையை முடித்துக்கொள்வதாக நிறுவனம் அறிவித்தது. பழைய இருப்பும் கைமாறியவையும் இன்னும் கிடைக்கின்றன. அதற்கு முந்தைய அலிக்ஸ் பலகையைத் தொடவே வேண்டாம். அது 32 பிட். பிஎஃப்சென்ஸ் 2017இல் வந்த 2.4 பதிப்போடு 32 பிட் ஆதரவைக் கைவிட்டுவிட்டது.

மலிவுப் பெட்டிகளில் மிகுதியாக இருப்பது ரியல்டெக் சிப். லினக்ஸில் பெரும்பாலும் தொல்லை தராது. ஃப்ரீபிஎஸ்டியிலோ சுமை ஏறும்போது 'வாட்ச்டாக் டைம்அவுட்' என்ற வரி பதிவேட்டில் விழுந்து, போர்ட் சில நொடிகள் செத்து எழும். பயனருக்குத் தெரிவதெல்லாம் 'நெட் அடிக்கடி போகிறது' என்பது மட்டுமே. பழி இணைப்பு கொடுத்தவர் மேல் விழும். ஆகவே பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் போட இன்டெல் சிப்பே நல்லது. அதிலும் ஐ225 சிப்பின் முதல் பதிப்புகள் 2.5 கிகாபிட் வேகத்தில் தடுமாறின. பி3 என்ற திருத்தப் பதிப்பையோ, அடுத்து வந்த ஐ226ஐயோ கேட்டு வாங்கவேண்டும். சர்வரிலிருந்து கழற்றி விற்கப்படும் நான்கு போர்ட் ஐ350 கார்டு நல்ல தேர்வு. ஆனால் சந்தையில் போலிகள் உலவுகின்றன. புதிய கார்டு நம்பமுடியாத விலைக்குக் கிடைத்தால் வாங்காமல் நகர்வதே சரி. ஒரே போர்ட் உள்ள கணினியையும் ஒதுக்கவேண்டியதில்லை. விலேன் (மெய்நிகர் உள்வலை) பிரிக்கும் மேனேஜ்டு சுவிட்ச் ஒன்றைச் சேர்த்தால் அந்த ஒற்றைப் போர்ட்டே உள்ளும் வெளியும் ஆகும்.

செயலியில் கேட்கவேண்டியது ஏஇஎஸ்-என்ஐ வசதி உண்டா என்பது. ஓப்பன்விபிஎன், ஐபிசெக் ஆகிய விபிஎன் முறைகளின் ஏஇஎஸ் குறியாக்கத்தை அது வெகுவாக விரைவாக்கும். ஏபியு2வில் இருக்கிறது; மலிவுப் பெட்டிகளில் ஒரு காலத்தில் நிறைந்திருந்த செலிரான் ஜே1900இல் இல்லை. 2.5 பதிப்புக்கு இது கட்டாயம் என்று பிஎஃப்சென்ஸ் 2017இல் அறிவித்து, பின்னர் அந்த நிபந்தனையைக் கைவிட்டது. வயர்கார்டு விபிஎன் மட்டும் பயன்படுத்துகிறவருக்கு இது தேவையே இல்லை. அதன் குறியாக்கம் சாசா20. யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்கும் பிபிபிஓஇ இணைப்புக்குக் கணக்கு வேறு. ஃப்ரீபிஎஸ்டியில் நெடுங்காலம் அந்த இணைப்பில் வரும் தரவை ஒரே கோர்தான் சுமந்தது. நான்கு கோர் இருந்தும் ஏபியு2 அங்கே கிகாபிட்டை எட்டத் திணறும். 2023இல் வந்த இன்டெல் என்100, 6 வாட் வகுப்பிலேயே இதற்கு ஈடுகொடுக்கிறது. இன்று புதிதாக வாங்குகிறவருக்கு அதுவே என் பரிந்துரை.

நினைவகம் குறித்து வீண் கவலை அதிகம். ஓர் இணைப்பின் நிலையைக் குறித்துவைக்க ஏறக்குறைய 1 கேபி போதும். லட்சம் இணைப்புகளுக்கும் சுமார் 100 எம்பிதான் ஆகும். சூரிகாட்டா போன்ற ஊடுருவல் கண்காணிப்பு சேரும்போதுதான் 4 ஜிபி, 8 ஜிபி தேவைப்படும். சேமிப்புக்கு மெமரி கார்டைவிடச் சிறு எஸ்எஸ்டி நல்லது. ஓயாமல் பதிவேடு எழுதினால் கார்டு தேய்ந்துவிடும்.

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய டெஸ்க்டாப் இலவசம்போலத் தோன்றும். அது 60 வாட் இழுத்தால் ஆண்டுக்கு 525 யூனிட்; 10 வாட் பெட்டிக்கு 88 யூனிட்டுக்குள். இரண்டே ஆண்டு மின்கட்டண வித்தியாசத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். அலுவலகங்கள் கழித்துவிடும் தின் கிளையன்ட்டுகளில் பிசிஐ எக்ஸ்பிரஸ் இடமுள்ள எச்பி டி620 பிளஸ் போன்றவை இங்கே கைகொடுக்கும்.

பழைய பெட்டிகளில் தவிர்க்கவேண்டிய ஒன்று ஆட்டம் சி2000 செயலி. அதன் கடிகாரச் சுற்று நாளடைவில் செயலிழந்து பலகை எழும்பாமலே போகக்கூடும் என்று 2017இல் இன்டெல்லின் பிழைத்திருத்தக் குறிப்பே சொன்னது.

பெட்டி மலிவாக அமைந்தால் அதேபோல் இரண்டு வாங்கிவைப்பவர்களும் உண்டு. முதல் பெட்டி படுத்தால், பிஎஃப்சென்ஸிலோ ஓபிஎன்சென்ஸிலோ முன்பே எடுத்துவைத்த அமைப்புகளின் எக்ஸ்எம்எல் கோப்பை இரண்டாவதில் ஏற்றினால் விதிகள் அப்படியே வந்துவிடும். வேறு மாடலாக இருந்தால் போர்ட்டுகளின் பெயர் மாறியிருக்கும். எது இணையம், எது உள்வலை என்று மறுபடி காட்டிக்கொடுக்கவேண்டும்.