குறுவட்டும் விரலியும்: சுமந்தது எது, காத்தது எது?



அண்மையில் பள்ளி அலமாரியைத் துப்புரவு செய்தபோது ஒரு பெட்டி நிறையப் பழைய குறுவட்டுகள் கிடைத்தன. இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் குறுவட்டைச் செருகும் வசதியே இல்லை. "இவற்றை வீசிவிடலாமா, ஐயா?" என்று இளைய ஆசிரியர் ஒருவர் கேட்டார். அதற்கு விடை கூறச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

2003-ஆம் ஆண்டு நம் நாட்டில் கணிதம், அறிவியல் பாடங்களை ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் தொடங்கியது. தமிழ்ப்பள்ளிக்கு அத்திட்டம் தகுமா என்னும் வாதம் ஒருபுறம் இருக்க, அதனோடு மடிக்கணினிகளும் பாடக் குறுவட்டுகளும் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தன. அதுவரை 1.44 மெகாபைட் மட்டுமே கொள்ளும் நெகிழ்வட்டோடு போராடிய நமக்கு, 700 மெகாபைட் கொள்ளும் குறுவட்டு ஒரு கடலாகவே தோன்றியது. 480-க்கும் மேற்பட்ட நெகிழ்வட்டுகளின் சுமையை அது ஒன்றே தாங்கியது.

பதிவு செய்யத்தக்க குறுவட்டினுள் மெல்லிய சாயப் படலம் ஒன்று உண்டு. லேசர் கதிர் அதனைச் சுட்டுக் குறியிடுகிறது. சுட்ட குறியை மீண்டும் அழிக்க இயலாது. கல்லில் எழுதியது போன்ற இவ்வியல்பே அதன் வலிமையும் குறையும் ஆகும்.

விரலி எனப்படும் பென் டிரைவின் கதை வேறு. அதன் அடிப்படையான பிளாஷ் நினைவகத்தை ஜப்பானின் தோஷிபா நிறுவனப் பொறியாளர் புஜியோ மசுவோக்கா 1984-இல் அறிவித்தார். அண்டை நாடான சிங்கப்பூரின் டிரெக் 2000 நிறுவனம், 2000-ஆம் ஆண்டு ஜெர்மனியில் நடந்த கண்காட்சியில் 'தம்ப் டிரைவ்' என்னும் கருவியை அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டு இறுதியில் இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் தயாரித்த 8 மெகாபைட் விரலியை ஐ.பி.எம். அமெரிக்காவில் விற்றது. நம் சிலாங்கூர் மாநிலச் செகிஞ்சானில் பிறந்த புவா கெய்ன் செங், தைவானில் பைசன் நிறுவனத்தைத் தோழர்களுடன் தொடங்கி, விரலியின் கட்டுப்பாட்டுப் பணிகளை ஒரே சில்லில் அடக்கியவர். முதலில் கண்டவர் யார் என்னும் வழக்கு ஓயவில்லை எனினும், அவ்வரலாற்றில் நம் மண்ணின் மைந்தருக்கும் இடமுண்டு என்பதை மாணவர்களுக்குக் கூறலாம்.

ஆசிரியர் அறையில் இரண்டிற்கும் போட்டி நிலவியது. குறுவட்டில் ஒரு பிழையைத் திருத்த வேண்டுமென்றால் இன்னொரு வட்டைச் சுட வேண்டும். விரலியில் நொடியில் திருத்தலாம். ஆனால் கணினிக்குக் கணினி நச்சுநிரலைச் சுமந்து சென்றதும் விரலியே. 2008-இன் இறுதியில் உலகெங்கும் பரவிய கான்பிக்கர் நச்சுநிரலின் வகைகளும் அவ்வழியைப் பயன்படுத்தின. எழுதி முடித்து மூடிய குறுவட்டில் அவ்வாறு எதுவும் புதிதாய்ப் புக முடியாது.

இனி, எங்கள் பாகான் டாலாமில் நடந்ததைக் கூறுகிறேன். 2005-இல் எங்கள் மாணவர்கள், துறைமுகத்திலும் இரயில்வேயிலும் உழைத்து ஓய்வுபெற்ற மூன்று பெரியவர்களின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்தனர். இருவர் குரலைக் குறுவட்டில் பதிந்து, ஒரு படியைப் பள்ளியிலும் மறுபடியை ஒரு பெற்றோர் இல்லத்திலும் வைத்தோம். மூன்றாமவர் பேச்சு பிற்பாடு கிடைத்ததால் விரலியில் மட்டும் இருந்தது. தேர்வுத் தாள்களை அவசரமாக எடுத்துச் செல்ல இடம் போதாமல், அவ்விரலியை வெறுமையாக்கியவன் நானே.

2016-இல் அக்குரல்கள் தேவைப்பட்டன. பள்ளி அலமாரியிலிருந்த வட்டின் வெள்ளிப்பூச்சு கடற்காற்றின் ஈரத்தில் உரிந்து போயிருந்தது. பெற்றோர் வீட்டுப் படியோ நன்றாகப் பாடியது. இருவரின் குரல்கள் மீண்டன. மூன்றாமவர் அதற்குள் காலமாகிவிட்டார். அவருடைய பேத்தி தாத்தாவின் குரலைக் கேட்டு வந்தபோது, என்னிடம் விடை இல்லை.

எனவே, குறுவட்டா விரலியா என்று நாம் கேட்ட கேள்வியே குறையுடையது. இரண்டும் சுமக்கும் வண்டிகள், களஞ்சியங்கள் அல்ல. வெப்பமும் ஒளியும் ஈரமும் வட்டின் சாயத்தைக் கெடுக்கும். பல்லாண்டு தொடாமல் கிடக்கும் விரலியில் மின்னூட்டம் கசிந்து தரவு மறையும். 2020-இல் கல்வி அமைச்சு தொடங்கிய டெலிமா தளம் வந்த பிறகும் இவ்வுண்மை மாறவில்லை. அந்த இரு குரல்களைக் காத்தது, வேறோர் இல்லத்திலிருந்த இரண்டாம் படியே.

இளைய ஆசிரியருக்கு நான் கூறிய விடை இதுதான்: "வீசாதீர்கள். முதலில் திறந்து பாருங்கள், படியெடுங்கள், படிகளை வெவ்வேறு இடங்களில் வையுங்கள்."

பெற்றோர்களே, உங்கள் இல்லத்து அலமாரியிலும் ஒரு குறுவட்டு உறங்கக் கூடும். இந்த வார இறுதியில் அதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.