திறந்த மடல்: இந்திய அன்றாடச் செய்தித் தொடர்பில் அஞ்சலட்டையின் இடம்

முன்னுரை

மடல் எழுதும் வழக்கம் தமிழ் இலக்கியத்தில் தொன்மையானது. சிலப்பதிகாரத்தில் மாதவி கோசிகமாணி வழியாகக் கோவலனுக்கு அனுப்பிய ஓலை மண் இலச்சினையிடப்பட்டு வந்தது. உரியவனே அதனை உடைத்துப் படித்தான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவில் அறிமுகமான அஞ்சலட்டை இம்மரபிற்கு மாறானது. அதற்கு உறையோ இலச்சினையோ கிடையாது. அஞ்சல்காரர் முதல் அண்டை வீட்டார் வரை எவரும் அதனைப் படிக்க இயலும்.

அஞ்சல் வரலாறு பெரும்பாலும் விரைவின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஓட்டக்காரர், இரயில், வானூர்தி, மின்னணு எனப் படிகள் வகுக்கப்படுகின்றன. அஞ்சலட்டையைப் பொறுத்தவரை விரைவைவிட அதன் மலிவும் திறந்த தன்மையுமே எளிய மக்களின் எழுத்துமுறையை வடிவமைத்தன என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

கால் அணா அட்டை

1854ஆம் ஆண்டின் அஞ்சல் சீர்திருத்தத்தால் தொலைவைப் பொருட்படுத்தாத சீரான கட்டணம் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. எடையே கட்டணத்தைத் தீர்மானித்தது. குறைந்த அளவு அரையணா. உலகின் முதல் அஞ்சலட்டை 1869இல் ஆஸ்திரியா – ஹங்கேரியில் வெளியிடப்பட்டது. பத்து ஆண்டுகளுக்குள், 1879 ஜூலை முதல் நாள், இந்தியாவில் கால் அணா அட்டை விற்பனைக்கு வந்தது. கடிதத்திற்கு ஆகும் செலவில் பாதியே இதற்குப் போதுமானதாயிற்று. ஒரு ரூபாய்க்கு 64 அட்டைகள் கிடைத்தன. எனவே இதுவரை அஞ்சலகத்தின் பக்கம் வாராதவர்களும் அதனை நாடினர். மக்கள் நாவில் இது 'கார்டு' ஆயிற்று; 'ஒரு கார்டு போடு' என்பது வழக்குத் தொடராக நிலைத்தது.

அட்டையைத் தனித்து நோக்குதல் போதாது. பொருளைப் பெறும்போதே விலையைச் செலுத்தும் வி.பி.பி. முறை 1877இலும், பணவிடை 1880இலும் தொடங்கப்பெற்றன. பொருளைக் கேட்பதற்கு அட்டை, பெறுவதற்கு வி.பி.பி., பணம் அனுப்புவதற்குப் பணவிடை என மூன்றும் சில ஆண்டு இடைவெளிக்குள் அமைந்தமையே சிற்றூர்களை நகரச் சந்தையுடன் பிணைத்தது.

வணிகத்தில் அட்டை

நூல் வெளியீட்டாளர், மருந்து விற்பனையாளர், விதை வணிகர் ஆகியோர் தம் விளம்பரங்களில் ஓர் அட்டை எழுதினால் விலைப்பட்டியல் அனுப்புவதாக அறிவித்தனர். மண்டி வணிகர்கள் சரக்கு வந்து சேர்ந்ததையும் அன்றைய விலையையும் அட்டையில் தெரிவித்தனர். பெரிய நிறுவனங்கள் தம் பிரதிநிதி வரும் நாளை அச்சிட்ட அட்டை மூலம் முன்னரே அறிவித்தன. படித்து முடித்த அட்டைகள் கடைச் சுவரில் தொங்கிய வளைந்த கம்பியில் குத்தி வைக்கப்பட்டன. கணக்கில் ஐயம் எழும்போது அக்கம்பியே சான்றாயிற்று.

வணிக மடலின் நடையையும் அட்டையின் திறந்த தன்மை பாதித்தது. கடனை நினைவூட்டும் வரியை ஊரார் படிப்பது கடன்பட்டவரின் மானத்தைப் பாதிக்கும். ஆகவே 'தங்கள் கணக்கைப் பைசல் செய்து உதவ வேண்டுகிறேன்' என்பது போன்ற பணிவான தொடர்கள் வணிகத்தில் வழங்கின. அப்பணிவிற்குள் ஓர் அச்சுறுத்தலும் மறைந்திருந்தது. அடுத்த அட்டை இவ்வளவு பணிவாக இராது என்பதைப் பெறுபவர் அறிவார். 1898ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டம் இதனை உணர்ந்தே இயற்றப்பட்டது எனலாம். அஞ்சற்பொருளின் மீதோ உறையின் மீதோ ஆபாசமான, அவதூறான, அச்சுறுத்தும் சொற்கள் இருத்தலாகாது என அதன் 20ஆம் பிரிவு தடைசெய்தது. உறைக்குள் மூடிய கடிதத்திற்கு எழாத இச்சிக்கல், முழு உடலுமே வெளிப்பக்கமாக அமைந்த அட்டைக்கு எழுந்தது. இச்சட்டத்திற்கு மாற்றாக வந்த 2023ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டம் 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்தது.

எழுத்தின்றி உணர்த்தும் குறிகள்

எழுதப் படிக்கத் தெரியாதோர் மிகுந்த சமூகத்தில் அட்டையைப் பிறரே எழுதினர். பிறரே படித்தும் காட்டினர். அஞ்சலக வாயிலில் அமர்ந்திருந்த எழுத்தர், ஊர்ப் பள்ளி ஆசிரியர், சில வேளைகளில் அஞ்சல்காரர் ஆகியோர் இப்பணியைச் செய்தனர். இதனால் ஒரு குடும்பச் செய்தி அனுப்பும் இடத்திலும் பெறும் இடத்திலும் மூன்றாமவர் செவியில் விழுந்தது. 'நலம், நலமறிய அவா' போன்ற நிலைத்த தொடர்களைப் பொருளற்ற சடங்கெனக் கருதுவது பொருந்தாது. அனைவர் முன்னும் கூறத்தக்க சொற்கள் அவை. தொலைவில் வேலை பார்த்த கணவனுக்கு மனைவி எழுதுவித்த அட்டையில் அவள் அன்பு நேரடியாக வெளிப்பட வழியில்லை. 'குழந்தை உங்களைத் தேடுகிறான்' என்னும் ஒரு வரிக்குள் அது அடங்க வேண்டியிருந்தது.

சொல்லுக்கு முன்னரே செய்தியை உணர்த்தும் குறிகளும் தோன்றின. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய அட்டை மங்கலச் செய்தியைத் தாங்கியது. கருப்புக் கரையிட்ட மடல் இறப்பைக் குறித்தது. வட இந்தியாவில் இறப்புச் செய்தி எழுதிய அட்டையின் ஒரு மூலையைக் கிழித்து அனுப்பும் வழக்கம் பரவலாக இருந்தது. எழுத்தறியாதவரும் அதனைக் கையில் வாங்கியவுடன் புரிந்துகொண்டனர். இறப்பு மடலைப் படித்தவுடன் கிழித்துவிடும் வழக்கம் தமிழகத்தில் உண்டு.

புலம்பெயர்ந்த தமிழரிடையே

தமிழகத்திற்கு வெளியே வாழ்ந்த தமிழருக்கு இவ்வட்டை கூடுதல் பணியையும் ஆற்றியது. 1880களில் தொடங்கிக் கோலார் தங்கவயலுக்கும், பின்னர் மும்பையின் தாராவிக்கும் சென்ற தொழிலாளர்கள் பணவிடைத் தாளின் அடிப்பகுதியில் இருந்த சிறு கூப்பனில் நான்கு வரி எழுதி அனுப்பினர். ஊரிலிருந்து பதில் அட்டையாக வந்தது. வேலையிடத்தில் பிறமொழிகள் சூழ்ந்திருந்த நிலையில், அவர்தம் வாழ்வில் தமிழ் எழுத்து வடிவில் தொடர்ந்த இடங்களுள் இதுவும் ஒன்றாகும்.

தந்தியுடன் இதனை ஒப்பிடலாம். 1850இல் கல்கத்தாவில் சோதனையாகத் தொடங்கி 1855இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட தந்தி பெரும்பாலும் ஆங்கிலத்தில் இயங்கியது. சொல்லுக்குச் சொல் கட்டணம் என்பதால் உறவு, வணக்கம் யாவும் அதில் உதிர்ந்தன. வாழ்த்துத் தந்தியிலோ வாசகங்களுக்கு எண்கள் இடப்பட்டிருந்தன; அனுப்புபவர் ஓர் எண்ணைத் தேர்ந்தால் போதுமானது. ஒரே வாசகம் ஆயிரம் மணமக்களுக்குச் சென்றது. 2013 ஜூலையில் இச்சேவை முடிவுற்றது.

விளையாட்டும் வேடிக்கையும்

அட்டை விளையாட்டிற்கும் இடமளித்தது. கடவுளின் பெயரால் வந்த சங்கிலி மடல்கள் இத்தனை பேருக்குப் படியெடுத்து அனுப்பினால் செல்வம் பெருகும், அலட்சியம் செய்தால் கேடு விளையும் எனக் கூறின. பலர் நகைத்தனர், நகைத்தவருள்ளும் சிலர் படியெடுத்து அனுப்பினர். 1990களில் தூர்தர்ஷனின் 'சுரபி' நிகழ்ச்சிப் போட்டிக்கு நேயர்களின் அட்டைகள் மூட்டை மூட்டையாகக் குவிந்தன. அந்நாளில் சாதாரண அட்டையின் விலை 15 காசுகள். போட்டிகளுக்கெனக் கூடுதல் விலையில் தனி அட்டையை அஞ்சல்துறை வெளியிட்டது. 2002இல் முகவரிப் பக்கத்தில் விளம்பரம் தாங்கிய 'மேகதூத்' அட்டை 25 காசுக்கு வந்தது.

1995 ஜூலையில் இந்தியாவில் கைப்பேசிச் சேவை தொடங்கியது. அதன் குறுஞ்செய்தியில் சங்கிலி மடல் மீண்டும் உயிர்பெற்றது. தொடக்கக் காலக் கருவிகளில் தமிழ் எழுத்து இல்லாமையால் தமிழைப் பலர் ரோமன் எழுத்தில் எழுதினர். அழைத்து உடனே துண்டிக்கும் 'மிஸ்டு கால்' செலவற்ற செய்தியாயிற்று. ஒரு மணி 'வந்து சேர்ந்தேன்' என்றும், இரு மணி 'கீழே நிற்கிறேன்' என்றும் பொருள்பட்டன. கிழிந்த மூலையைப் போலவே இதுவும் எழுத்தின்றி உணர்த்தும் குறியாகும். வணிகக் குறுஞ்செய்திகளின் தொல்லை மிகவே, 2011 செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் ஓர் இணைப்பிற்கு நாளொன்றுக்கு 100 செய்திகள் என வரம்பு விதித்தது. அவ்வாண்டே அது 200ஆக உயர்த்தப்பட்டது. செலவு என்னும் இயல்பான தடை நீங்கியவுடன் சட்டத்தால் தடை விதிக்க வேண்டியதாயிற்று என்பது இங்குக் கருதத்தக்கது.

பெற்ற செய்தியைப் பிறருக்கு அனுப்புவது புதுமையன்று. மாதவியின் ஓலையில் இருந்த சொற்கள் தன் பெற்றோருக்கும் பொருந்துவதை உணர்ந்த கோவலன், அவ்வோலையையே அவர்களிடம் சேர்க்குமாறு கோசிகமாணியிடம் கொடுத்தான். அவன் படித்தான், பொருத்தம் ஆராய்ந்தான், தன் வணக்கத்தையும் சேர்த்தான். சங்கிலி மடலுக்கேனும் கைவலிக்கப் படியெடுக்க வேண்டியிருந்தது. விரல் தொட்டவுடன் செல்லும் இன்றைய செய்தியில் இவ்விரண்டும் தேவைப்படுவதில்லை.

எஞ்சியவையும் அழிந்தவையும்

எழுத்தாளர்களின் அட்டைகளுள் சில பாதுகாக்கப்பட்டுள்ளன. வல்லிக்கண்ணனும் தி.க.சி.யும் இளம் படைப்பாளிகளுக்கு அட்டை வழியாகவே திறனாய்வும் ஊக்கமும் வழங்கினர். பெற்றவர்கள் அவற்றைப் போற்றி வைத்தனர். மண்டிக்காரரின் கம்பியும் மனைவி எழுதுவித்த நான்கு வரியும் அவ்வாறு போற்றப்படவில்லை. இறப்பு மடல்கள் வழக்கத்தாலேயே கிழிக்கப்பட்டன; கடைக் கம்பிகள் பழைய தாளோடு எடைக்குச் சென்றன. இதனால் நாம் எழுதும் கடித வரலாறு எழுத்தறிந்தோர் வரலாறாகவே குறுகிவிடுகிறது. பேச்சுத்தமிழ் எழுத்தில் பதிவான அரிய சான்றுகளும், பிறர் கையால் எழுதுவித்த பெண்களின் குரலும் அதில் இடம்பெறாமல் போகின்றன.

முடிவுரை

அஞ்சலட்டை 50 காசுக்கு விற்கப்படும் நிலையை அடைந்தபோது அதனை எழுதுவோர் அருகியிருந்தனர். ஆயினும் அதன் திறந்த பரப்பு, எதனை வெளிப்படக் கூறுவது, எதனைக் குறியால் உணர்த்துவது, எதனைக் கூறாதிருப்பது என்னும் ஒழுங்கை ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பயிற்றுவித்துள்ளது. தமிழ்த்துறைகள் சுவடிகளைத் தொகுத்தது போல வீட்டுப் பரண்களில் எஞ்சியுள்ள அட்டைகளையும் உரியோர் இசைவுடன் தொகுத்தல் வேண்டும். எழுதியவர் யார், எழுதுவித்தவர் யார், அஞ்சல் முத்திரை எவ்வூரது, மஞ்சள் தடம் உண்டா என்பன பதிவு செய்யப்பட வேண்டும். அவற்றைப் படித்துப் பொருள் கூறவல்ல முதியோர் இருக்கும்போதே இப்பணி தொடங்கப்பட வேண்டும். அவர்களுக்குப் பின் மூலை கிழிந்த அட்டை வெறும் கிழிந்த அட்டையாகவே நம் கைக்கு வரும்.