கிழட்டு மரமும் மணல்தொட்டியும்

பாட்டி முதன்முதலாக உளி பிடித்தபோது அவருக்குக் கொடுத்தது தோட்டத்திலேயே மோசமான மரங்கள். "வெட்டிச் சாய்க்கப்போற கெழட்டு மரம்டா. பட்டையெல்லாம் முடிச்சு முடிச்சா இருக்கும். அதுல கீறிப் பழகணும். ஆழமா இறங்கிட்டாலும் யாரும் திட்ட மாட்டாங்க" என்பார். கை பழகிய பிறகுதான் நல்ல நிரை கிடைத்ததாம். இளம் மரத்தில் உளி கொஞ்சம் ஆழமாகப் போனாலும் அந்தக் காயம் புடைத்து வளரும். மறுபடி அந்த இடத்தில் ஒழுங்கான பட்டை வராது. அதனால்தான் புது ஆளுக்குக் கிழட்டு மரம். பாலோவைச் சுற்றிய அந்த ரப்பர் நிரைகளில் பெரும்பகுதி இன்றைக்குச் செம்பனை.

போன பள்ளி விடுமுறையில் எனக்கு அந்த மரம் ஞாபகம் வந்தது. பெக்கோக்குக்கும் குளுவாங்குக்கும் நடுவே ரயில் பாதையோரம் இருக்கும் எங்கள் சின்ன ஊரில், கோயில் மண்டபத்தில் ஆறு இடைநிலைப்பள்ளி மாணவர்களை உட்கார வைத்திருந்தேன். திறமூலத் திட்டங்களில், அதாவது யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்து, திருத்தி, பகிர்ந்துகொள்ளக்கூடிய பொது உழைப்பில், எப்படிச் சேர்வது என்று காட்டுவதாக ஏற்பாடு. லினக்ஸ் 1991-இல் எப்படித் தொடங்கியது, உரிமம் என்றால் என்ன என்று அரைமணி நேரம் பேசினேன். ஒரு தங்கச்சி கேட்டாள்: "எல்லாம் சரிண்ணே. இப்ப நான் எதைத் தொடுறது?"

என்னிடம் பதில் இல்லை. இருந்திருக்க வேண்டும். ஏனென்றால் அதே இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஒரு மென்பொருளின் தமிழ் முகப்பில் சில சொற்பிழைகளைத் திருத்தினேன். அதை எங்கே அனுப்புவது என்று கண்டுபிடிக்கவே இரண்டு வாரம் ஆனது. நாலு மாதம் கழித்து ஒரு வரி வந்தது: கோப்பு வடிவம் தவறு. எது சரியான வடிவம் என்று அதில் இல்லை. நான் திரும்பிப் போகவில்லை. அந்தப் பக்கம் இருந்தவரும் சம்பளமில்லாமல் ராத்திரி கண் விழித்தவராகத்தான் இருப்பார், கோபமெல்லாம் இல்லை. ஆனாலும் அன்றைக்கு ஓர் ஆள் குறைந்தது உண்மை.

மண்டபத்திலிருந்து வந்த பிறகு, நமக்கு முன்னால் தமிழில் இந்த வேலையைச் செய்தவர்கள் எப்படி ஆள் சேர்த்தார்கள் என்று தேடிப் படித்தேன்.

மதுரைத் திட்டம் 1998 பொங்கல் அன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த வேதியியல் ஆய்வாளர் கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனனும் முன்நின்றார்கள். பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாக வைப்பது நோக்கம். முதல் எண் திருக்குறளுக்கு. யூனிகோடு பரவாத காலம் அது. ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியேற்றம். ஒருவர் உதவ நினைத்தால் முதலில் எழுத்துருவை இறக்கி நிறுவ வேண்டும், விசைப்பலகை பழக வேண்டும். வாசலே அவ்வளவு உயரம். அப்படியும் பல நாடுகளிலிருந்து ஆட்கள் ஏறி வந்தார்கள்.

எப்படி? அதன் கோப்புகள் எதையாவது திறந்து முதல் பக்கத்தைப் பாருங்கள். தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்பு பார்த்தவர் யார், பெரும்பாலும் எந்த ஊர் என்று இருக்கும். நூலை விநியோகிக்கிறவர்கள் அந்த முகப்பை நீக்கக்கூடாது என்பதும் நிபந்தனை. எனக்கு அதில் தெரிவது இரண்டு. வேலை தனித்தனித் துண்டாகப் பிரிந்திருந்தது: ஒரு நூல், ஒருவர் தட்டச்சு, இன்னொருவர் மெய்ப்பு. செய்தவர் பெயர் செய்த வேலையோடு ஒட்டியே இருந்தது. நூற்றுக்கணக்கான அந்த முகப்புகளே ஒரு வரலாற்று ஆவணம்.

இதன் முன்னோடியான குட்டன்பர்க் திட்டத்தை மைக்கேல் ஹார்ட் 1971-இல் தொடங்கினார். நீண்ட காலம் ஒரு முழு நூலை ஓர் ஆளே சுமக்கிற நிலைதான். 2000-இல் சார்லஸ் பிராங்க்ஸ் ஒரு வழி கண்டார். நூலைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, இடப்பக்கம் படம், வலப்பக்கம் எழுத்து என்ற மாதிரி வைத்து, 'ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும்' என்றார். ஒரு நூலைத் தட்டச்சு செய்ய எனக்கு நேரமில்லை என்று சொல்கிற ஆளுக்கும் ஒரு பக்கம் பார்க்க நேரம் இருக்கும்.

தமிழ் விக்கிப்பீடியாவின் கதை வேறு மாதிரி. 2003-இல் அது தொடங்கியபோது, யாழ்ப்பாணத்தில் பிறந்து ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை பார்த்துவந்த கட்டடக்கலைஞர் மயூரநாதன், தொடக்க மாதங்களில் பெரும்பாலும் தனியாகவே இடைமுகத்தைத் தமிழாக்கி, கட்டுரைகளும் எழுதினார். பிறகு ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் கட்டுரைகளோடு நிற்காமல், புதியவர்களுக்கான இடங்களையும் கட்டினார்கள். எழுதிப் பழக மணல்தொட்டி. கேள்வி கேட்க ஒத்தாசைப் பக்கம். எல்லாரும் கூடிப் பேச ஆலமரத்தடி. கணக்கு தொடங்கியவரின் பேச்சுப் பக்கத்தில் ஒரு வரவேற்பு.

இந்தப் பெயர்களைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் கிராமத்து அடிகுழாய் என்று பெயர் வைத்த இடத்துக்கு நம் ஆட்கள் ஆலமரத்தடி என்றார்கள். ஒத்தாசை என்பது அகராதியில் தேடி எடுத்த சொல் கிடையாது, பக்கத்து வீட்டில் போய்க் கேட்கிற சொல். 2017-இல் அங்கே கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தொட்டன. அந்த எண்ணிக்கையைத்தான் எல்லாரும் கொண்டாடினோம். என் கணக்கில், மணல்தொட்டியில் 'சோதனை சோதனை' என்று அடித்துவிட்டு, யாரும் திட்டாததால் மறுநாளும் வந்தவர்களின் எண்ணிக்கைதான் முக்கியம். பாட்டியின் கிழட்டு மரம்தான் அந்த மணல்தொட்டி.

இங்கே ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்ல வேண்டும். மலாயாத் தோட்டங்களும் ஆள் சேர்த்துத்தான் நடந்தன. கங்காணி ஊருக்குப் போய்ச் சொந்தக்காரர்களையும் ஊர்க்காரர்களையும் கூட்டிவந்தார். புது ஆளுக்கு வழி தெரிந்தது, லயத்தில் இடம் இருந்தது, வேலை பழக மரமும் இருந்தது. கூடவே கடனும் இருந்தது. 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடிபெயர்வைத் தடை செய்யும் வரை அது ஓடியது. தோட்டத்தில் புதியவனுக்குப் பழக்கிக் கொடுத்ததை அன்பு என்று நான் சொல்லவில்லை. பட்டை கெட்டால் நஷ்டம் முதலாளிக்கு. ஆனால் ஒரு வித்தியாசத்தை அது காட்டுகிறது. காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டால் பாட்டி நின்றாக வேண்டும். தன்னார்வலரை எந்தப் பெரட்டும் கூப்பிட முடியாது. நாலு மாதம் பதில் வராவிட்டால் அவர் சத்தமில்லாமல் போய்விடுவார், நான் போனது போல. போனதுகூட யாருக்கும் தெரியாது. கடன் இல்லாத இடத்தில் ஆளை நிறுத்தி வைக்க ஒழுங்கான பதிலைத் தவிர நம்மிடம் வேறெதுவும் இல்லை.

மறுவாரம் மண்டபத்தில் லினக்ஸ் வரலாறு பேசவில்லை. விக்கிமூலத்தைத் திறந்தேன். தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்கிய, நாட்டுடைமையாக்கப்பட்ட 2,000-க்கும் மேற்பட்ட நூல்களின் மின்வருடல்கள் அங்கே இருக்கின்றன. த. சீனிவாசன் எழுதிய நிரலின் துணையோடு, கூகுள் எழுத்துணரி அந்தப் படங்களிலிருந்து எழுத்தைப் பிரித்துத் தந்திருக்கிறது. எழுத்துணரிக்குக் காலும் ரகரமும் அடிக்கடி குழம்பும், மனிதக் கண் வேண்டும். மெய்ப்பு பார்க்காத பக்கம் சிவப்பு. ஒருவர் பார்த்தால் மஞ்சள். இரண்டாமவர் சரிபார்த்தால் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க மென்பொருள் விடாது. நான் இதில் மிகவும் மதிப்பது அந்த விதியைத்தான். புதியவர் செய்ததை இன்னொரு மனிதர் பார்த்தே ஆக வேண்டும் என்று வேலையின் அமைப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

"இந்தச் சிவப்பைத் தொடு" என்றேன். ஆறு பேரில் இரண்டு பேர் தேநீர் வேளைக்குப் பிறகு திரும்பவில்லை. அந்தத் தங்கச்சி ஒரு பக்கத்துக்கு நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டாள். மஞ்சளானது. நாலு நாள் கழித்துக் குரல்செய்தி வந்தது: "அண்ணே, பச்சையாயிருச்சு! நான் விட்ட ஒரு ரகரத்தையும் திருத்தியிருக்காங்க. யாருண்ணே இவங்க?"

தெரியாது என்றேன். தெரியாத ஒருவர் படித்திருக்கிறார் என்பதே அவளுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. பிறகு அவளே கேட்டாள், பெரட்டு, மங்கு மாதிரி தோட்டத்துச் சொற்களை விக்சனரியில் சேர்க்க முடியுமா என்று. அவள் பிறந்தபோதே இங்கே பல லயங்கள் காலி. அந்தச் சொற்கள் அவளுக்குப் பாட்டிமார் வாய்வழியாக வந்தவை. முடியும், ஆனால் பொருளைச் சரியாக எழுத விவரம் தெரிந்தவர்களைக் கேட்க வேண்டும் என்றேன்.

என் பாட்டிக்கு எண்பத்திரண்டு வயது. அடுத்த விடுமுறைக்கு அவளை வீட்டுக்கு வரச்சொல்லியிருக்கிறேன்.