உரோமையும் கெய்ரோவும்: ஓர் அலுவலகத்தின் அறுபது ஆண்டுகள்

1964ஆம் ஆண்டு தூய ஆவியார் பெருவிழாவன்று திருத்தந்தை ஆறாம் பவுல் வத்திக்கானில் புதிய அலுவலகம் ஒன்று தொடங்கப்படும் என்று அறிவித்தார். இரண்டு நாள் கழித்து, மே 19 தேதியிட்ட மடலால் அது முறைப்படி நிறுவப்பட்டது. கிறிஸ்தவரல்லாதோருக்கான செயலகம் என்று பெயர். ஜப்பானில் பல ஆண்டுகள் திருத்தந்தையின் பிரதிநிதியாக இருந்த கர்தினால் பாவோலோ மரெல்லா அதன் முதல் தலைவரானார். அதே ஆண்டு டிசம்பரில் நற்கருணை மாநாட்டுக்காகப் பம்பாய்க்கு வந்த ஆறாம் பவுல், பிற சமயத்தாரின் பிரதிநிதிகள் முன்னிலையில் உபநிடத வேண்டுதல் ஒன்றை எடுத்துச் சொல்லிப் பேசினார். உரோமையில் பிறந்த அலுவலகத்தின் நோக்கத்தை நம் மண்ணில் உலகம் கண்டுகொண்டது.

அந்த அலுவலகம் 1988இல் திருப்பீடப் பல்சமய உரையாடல் அவை ஆனது. 2022இல் பேராயமாக மாறியது. 2024இல் வைரவிழாக் கண்டது. அதன் வரலாற்றைத் தலைவர்களின் பெயரும் பதவிக்காலமுமாக எழுதி முடித்துவிடலாம். எனக்கு அதில் மனநிறைவு இல்லை. அந்த அலுவலகம் இன்று பேசுகிற பேச்சை அது பிறப்பதற்கு முன்பே பேசியவர்கள் இருந்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபைக்குள்ளும் இருந்தார்கள், கெய்ரோவின் இஸ்லாமியக் கல்விக்கூடமான அல் அஸ்ஹரிலும் இருந்தார்கள். அவர்களில் பலரைச் சொந்த வீடே ஒதுக்கிவைத்தது. இந்த இரு சமயங்களிலும் சகிப்புத்தன்மை வளர்ந்த கதையில் பாதிக்கு மேல் அவர்களுடைய கதை என்பதே என் துணிபு.

முதலில் உரோமை. 1864இல் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் வெளியிட்ட பிழைகளின் பட்டியல், ஒவ்வொருவரும் தம் அறிவுக்கு உண்மையென்று பட்ட சமயத்தை ஏற்கச் சுதந்திரம் உண்டு என்ற கருத்தையும் ஒரு பிழையாகவே எண்ணியது. இதற்கு மாறாக, சமயச் சுதந்திரம் மனித மாண்பிலிருந்தே வருகிறது என்று வாதிட்டவர் அமெரிக்க இயேசு சபைக் குரு ஜான் கோர்ட்னி மரே. 1950களின் நடுவில் இந்தப் பொருள்பற்றி இனி எழுத வேண்டாம் என்று அவருடைய மேலிடம் அவரைத் தடுத்தது. கீழ்ப்படிந்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் முதல் அமர்வுக்கும் அவருக்கு அழைப்பில்லை. 1963இல்தான் இறையியல் வல்லுநராக அழைக்கப்பட்டார். 1965 டிசம்பர் 7 அன்று, சமயச் சுதந்திரம் பற்றிய சங்க அறிக்கை 2308 வாக்குகளுடன் நிறைவேறியது. எதிர்த்தவர்கள் 70 பேர். எழுதக் கூடாது என்று தடுக்கப்பட்டவரின் சிந்தனை பத்தே ஆண்டுகளில் திருச்சபையின் போதனையாயிற்று. அந்த அறிக்கையின் வரைவுகளில் மரேயின் கை பெரிது.

பிற சமயங்களுடனான உறவு பற்றிய நோஸ்திரா எத்தாத்தே அறிக்கை வேறு வழியில் வந்தது. அதன் தொடக்கம் இஸ்லாத்தைப் பற்றியதே அல்ல. பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஜூல்ஸ் ஈசாக் ஒரு யூதர். மனைவியையும் மகளையும் ஔஷ்விட்ஸ் முகாமுக்குப் பறிகொடுத்தவர். யூதர்களைப் பற்றிக் கிறிஸ்தவ மறைக்கல்வி காலங்காலமாகச் சொல்லிவந்த இழிவுகளை ஆதாரங்களோடு தொகுத்துக்கொண்டு, 1960 ஜூன் 13 அன்று, தமது 82ஆம் வயதில் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவானைச் சந்தித்தார். இஸ்தான்புல்லில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் பணியாற்றி, போர்க்காலத்தில் யூத அகதிகளுக்கு உதவியவர் அந்தத் திருத்தந்தை. நான் சற்று நம்பிக்கையோடு திரும்பலாமா என்று ஈசாக் கேட்டாராம். நம்பிக்கைக்கும் மேலானதற்கு உங்களுக்கு உரிமை உண்டு என்று பதில் வந்தது. சில மாதங்களில் கர்தினால் பேயாவிடம் வரைவுப் பணி ஒப்படைக்கப்பட்டது.

வரைவு சங்கத்துக்கு வந்தபோது மேற்காசிய ஆயர்கள் கலங்கினார்கள். யூதர்களைப் பற்றி மட்டும் பேசினால், அரபு நாடுகளில் வாழும் தங்கள் மக்களின் கதி என்னவாகும்? மெல்கியத் திருச்சபையின் முதுபெரும் தந்தை நான்காம் மாக்சிமோஸ் அழுத்தமாகவே பேசினார்: எழுதுவதானால் முஸ்லிம்களைப் பற்றியும் எழுதுங்கள். அச்சத்தில் எழுந்த கோரிக்கை என்று இதைத் தள்ளிவிடலாகாது. முஸ்லிம் அண்டைவீட்டாருடன் நூற்றாண்டுகளாக வாழ்ந்தவர்களின் அனுபவமும் அதில் இருந்தது. அந்தப் பத்தியை எழுத ஆள் தேடியபோது, லூயி மாசிஞோன் என்ற அறிஞரின் தாக்கம் பெற்றவர்கள் ஆயத்தமாக இருந்தார்கள். வாழ்நாளெல்லாம் இஸ்லாமிய ஞானி ஹல்லாஜை ஆராய்ந்தவர் மாசிஞோன். புனித பிரான்சிஸ் அசிசி 1219இல் சிலுவைப் போரின் நடுவே சுல்தான் அல் காமிலைச் சந்தித்த டமியெட்டாவில், 1934இல், முஸ்லிம்களுக்காகத் தம்மையே ஒப்புக்கொடுக்கும் செபக் குழு ஒன்றை மேரி கஹீல் அம்மையாருடன் தொடங்கினார். சங்கத்தின் முதல் அமர்வு நடந்துகொண்டிருந்தபோது, 1962 அக்டோபரில் மறைந்தார்.

1965 அக்டோபர் 28 அன்று 2221 பேர் ஆதரவுடன், 88 பேர் எதிர்ப்புடன் அறிக்கை நிறைவேறியது. முஸ்லிம்களைத் திருச்சபை மதிப்போடு நோக்குகிறது என்றும், அவர்கள் ஒரே இறைவனை வணங்குகிறார்கள் என்றும், இயேசுவை இறைவாக்கினராகப் போற்றி அன்னை மரியாவையும் மதிக்கிறார்கள் என்றும் அது கூறியது. முகம்மது நபியைப் பற்றி ஒரு சொல் இல்லை. கடந்தகாலப் பகைகளை மறக்கவும் கேட்டுக்கொண்டது. இந்த வேண்டுகோளில் எனக்கு எப்போதும் ஒரு குறை தெரியும்: அடிபட்டவனிடம் மறந்துவிடு என்று சொல்வதற்கு முன், அடித்தவன் தன் செயலை ஒப்புக்கொள்ள வேண்டும். அது நடக்க 2000 மார்ச் 12 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று இரண்டாம் ஜான் பால், திருச்சபையின் மக்கள் உண்மையின் பெயரால் செய்த வன்முறைகளுக்காகப் புனித பேதுரு பேராலயத்தில் வெளிப்படையாக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார்.

இனி கெய்ரோ. பத்தாம் நூற்றாண்டில் ஃபாத்திமிய ஷியா அரசர்கள் எழுப்பிய அல் அஸ்ஹர், பின்னர் சன்னி இஸ்லாத்தின் தலைமைக் கல்விக்கூடமானது. அங்கே படித்த முகம்மது அப்துஹூ, எகிப்தில் 1882இல் நடந்த எழுச்சிக்குப் பிறகு நாடுகடத்தப்பட்டு, திரும்பிவந்து, 1899இல் எகிப்தின் தலைமை முஃப்தி ஆனார். அவருடைய சீர்திருத்தத்தைப் புரிந்துகொள்ள 1903ஆம் ஆண்டு ஃபத்வா ஒன்றே போதும். தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் முஸ்லிம்களிடமிருந்து அவருக்கு மூன்று கேள்விகள் வந்தன. பிழைப்புக்காக ஐரோப்பியத் தொப்பி அணியலாமா? அங்குள்ள கிறிஸ்தவர்கள் தங்கள் முறைப்படி அறுத்த இறைச்சியை உண்ணலாமா? ஷாஃபி மத்ஹபை, அதாவது சட்டப் பிரிவை, சேர்ந்தவர் ஹனஃபி இமாமின் பின்னால் நின்று தொழலாமா? மூன்றுக்கும் ஆம் என்றார் அப்துஹூ. வேதம் அருளப்பட்டவர்களின் உணவு ஆகுமானது என்ற குர்ஆன் வசனத்தையே இறைச்சிக்கு ஆதாரமாக வைத்தார். கடலோர ஊர்களில் ஷாஃபிகளும் உள்நாட்டில் ஹனஃபிகளுமாக வாழும் தமிழ் முஸ்லிம்களுக்கு மூன்றாவது கேள்வியின் கனம் சொல்லாமலே விளங்கும். கெய்ரோவில் எதிர்ப்புக் கிளம்பியது. பத்திரிகைகள் அவரைத் தாக்கின. 1905இல் அவர் இறந்தார். ஆனால் வேற்றுச் சமயத்தார் நடுவே சிறுபான்மையாக வாழும் ஒருவர் தம் சமயத்துக்கு உண்மையாகவும் அண்டைவீட்டாரோடு ஒரே பந்தியிலும் இருக்கலாம் என்ற தீர்ப்பு நிலைத்துவிட்டது.

அப்துஹூவின் வழியில் வந்த அலி அப்துர் ராஸிக்குக்கு நேர்ந்தது இன்னும் கடுமையானது. 1924இல் துருக்கி கிலாஃபத்தை ஒழித்தது. மறு ஆண்டே அவர் எழுதிய சிறுநூல், கிலாஃபத் என்பது மார்க்கக் கடமையன்று, நபியின் பணி ஆன்மிகப் பணியே தவிர அரசாட்சியன்று என்று வாதிட்டது. தாமே கலீஃபா ஆகலாம் என்ற எண்ணம் எகிப்து மன்னர் ஃபுவாதுக்கு இருந்த நேரம் அது. 1925 ஆகஸ்டில் அல் அஸ்ஹரின் மூத்த உலமாக்கள் கூடி விசாரித்து, ஆலிம் பட்டத்தைப் பறித்தார்கள். மன்சூரா ஷரியா நீதிபதி பதவியும் போயிற்று. இருபது ஆண்டுகள் கடந்தன. 1945இல் அவருடைய அண்ணன் முஸ்தஃபா அப்துர் ராஸிக் அல் அஸ்ஹரின் பேரிமாம் ஆனார். அலிக்குப் பட்டம் திரும்பக் கிடைத்தது. வக்ஃபுத் துறை அமைச்சராகவும் ஆனார். 1959இல் இன்னொரு பேரிமாம், மஹ்மூத் ஷல்தூத், ஷியாக்களின் ஜஃபரி மத்ஹபைப் பின்பற்றித் தொழுவதும் செல்லும் என்று ஃபத்வா கொடுத்தார். சன்னி உலகின் உச்சியிலிருந்து வந்த அந்தச் சொல்லை இன்று ஈராக்கையும் சிரியாவையும் பாகிஸ்தானையும் பார்க்கும்போது நெஞ்சு கனக்க நினைத்துக்கொள்கிறேன்.

இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவில் கெய்ரோவிலேயே ஒரு வீடு இருந்தது. அலெக்சாந்திரியாவில் பிறந்த டொமினிக்கன் துறவி ஜார்ஜ் அனவாத்தியும் தோழர்களும் 1953இல் முறையாக நிறுவிய கீழைத்தேய ஆய்வு நிறுவனம் அது. மதமாற்றும் நோக்கமின்றி அரபு மெய்யியலைப் படிப்பதற்கென்றே நூலகம் வைத்தார்கள். அல் அஸ்ஹர் மாணவர்களும் அங்கே வந்து படித்தார்கள். நோஸ்திரா எத்தாத்தேயின் இஸ்லாம் பத்தியில் அனவாத்தியின் பங்கும் உண்டு.

புதிய செயலகம் 1967இல் ஒரு வழக்கத்தைத் தொடங்கியது. ரமலான் நோன்பு நிறைவை ஒட்டி உலக முஸ்லிம்களுக்கு வாழ்த்து மடல். சிறிய காரியம்போலத் தெரியும். ஆனால் போர் நடந்த ஆண்டுகளிலும் அந்த மடல் நிற்கவில்லை. 1991இல் வளைகுடாப் போரின்போது அதில் இரண்டாம் ஜான் பால் தாமே கையொப்பமிட்டார்.

எல்லா முயற்சியும் நன்றாக முடியவில்லை. 1976 பிப்ரவரியில் லிபியத் தலைநகர் திரிப்போலியில் செயலகத் தலைவர் கர்தினால் பிஞெதோலி ஒரு பெரிய கருத்தரங்குக்குச் சென்றார். நாட்டின் தலைவர் கடாஃபியே மண்டபத்துக்கு வந்து பேசினார். இறுதி அறிக்கையில் சியோனியத்தை இனவெறி என்று கண்டிக்கும் வாசகமும் எருசலேமின் அரபுத் தன்மையை வலியுறுத்தும் வாசகமும் இடம்பெற்றன. அந்த இரண்டு பத்திகளையும் வத்திக்கான் ஏற்க மறுத்து அறிவிக்க வேண்டியதாயிற்று. சமய உரையாடலை அரசுகள் தம் மேடையாக்கிக்கொள்ளும் ஆபத்தை அலுவலகம் அங்கே கற்றுக்கொண்டது.

அல்ஜீரியாவில் உரையாடலுக்குக் கொடுத்த விலை உயிராகவே இருந்தது. ஓரான் மறைமாவட்ட ஆயர் பியர் கிளாவெரி, அல்ஜீரியாவிலேயே பிறந்த பிரெஞ்சுக்காரர். உள்நாட்டுப் போர் மூண்ட பிறகும் ஊரைவிட்டுப் போகவில்லை. 1996 ஆகஸ்ட் 1 இரவு ஆயரில்ல வாசலில் குண்டு வெடித்தது. அவரோடு அவருடைய வண்டியை ஓட்டிவந்த இளைஞர் முகம்மது பூஷீக்கியும் இறந்தார். ஆயரோடு இருப்பது ஆபத்து என்று தெரிந்தே உடனிருந்தவர் அவர். 2018 டிசம்பர் 8 அன்று ஓரானில் கிளாவெரிக்கும் பதினெட்டுத் தோழர்களுக்கும் அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது. பூஷீக்கியின் பெயர் அந்தப் பட்டியலில் இடம்பெற முடியாது. இந்தக் கட்டுரையிலாவது அது ஆயரின் பெயருக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

1998இல் அல் அஸ்ஹருடன் கூட்டுக்குழு ஒப்பந்தம் ஏற்பட்டது. 2000 பிப்ரவரி 24 அன்று இரண்டாம் ஜான் பால் பேரிமாம் தந்தாவியைக் கெய்ரோவில் சந்தித்தார். அடுத்த ஆண்டு டமாஸ்கஸின் உமய்யா பள்ளிவாசலுக்குள் சென்று, பள்ளிவாசலில் கால்வைத்த முதல் திருத்தந்தை ஆனார். இவற்றுக்குப் பின்னணியில் பல ஆண்டுகள் உழைத்தவர் இஸ்லாமியவியல் அறிஞரான பேராயர் மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்ட். 1987 முதல் அவையின் செயலராகவும் 2002 முதல் தலைவராகவும் இருந்தார். 2006 பிப்ரவரியில் அவரை எகிப்துக்குத் தூதராக அனுப்பினார்கள். அவையைப் பண்பாட்டு அவைத் தலைவரின் பொறுப்பில் சேர்த்தார்கள். செப்டம்பர் 12 அன்று ரேகன்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பதினாறாம் பெனடிக்ட், நபியைப் பழிக்கும் பைசாந்தியப் பேரரசர் ஒருவரின் கூற்றை மேற்கோள் காட்டினார். உலகெங்கும் கொந்தளிப்பு. ஃபிட்ஸ்ஜெரால்ட் உரோமையில் இருந்திருந்தால் அந்த மேற்கோள் முன்கூட்டியே அவர் கண்ணில் பட்டிருக்குமோ என்று கேட்டவர்கள் பலர். என் மனமும் அதையே கேட்கிறது. முஸ்லிம் அறிஞர்கள் காட்டிய பெருந்தன்மை இங்கே வியக்கத்தக்கது: மறு மாதம் 38 பேர் திறந்த மடல் எழுதினார்கள்; 2007இல் 138 பேர் இறையன்பும் பிறரன்பும் இரு சமயங்களுக்கும் பொது என்று நீண்ட மடல் வரைந்தார்கள். அதே ஆண்டு அவை மீண்டும் தனியாகி, கர்தினால் தோரான் பொறுப்பேற்றார்.

2011 புத்தாண்டில் அலெக்சாந்திரியாவின் காப்டிக் ஆலயத்தில் குண்டுவெடிப்பு நடந்தது. எகிப்தியக் கிறிஸ்தவர்களின் பாதுகாப்பைப் பற்றிப் பெனடிக்ட் பேசியதை உள்நாட்டு விவகாரத்தில் தலையீடு என்று கருதி அல் அஸ்ஹர் உரையாடலை நிறுத்திவைத்தது. 2016 மே மாதம் பேரிமாம் அஹ்மத் அத் தய்யிப் வத்திக்கானுக்கு வந்தபோதுதான் அந்த நிறுத்தம் முடிவுக்கு வந்தது. அந்தப் பாதையைச் செப்பனிட்டவர், எகிப்திலும் சூடானிலும் பணியாற்றிய கொம்போனி சபைத் துறவி மிகேல் ஆங்ஹெல் அயூசோ. 2019 பிப்ரவரி 4 அன்று அபுதாபியில் திருத்தந்தை பிரான்சிசும் அத் தய்யிபும் மனித உடன்பிறந்த உணர்வு பற்றிய ஆவணத்தில் கையொப்பமிட்டார்கள். சுதந்திரம் ஒவ்வொருவரின் உரிமை என்றும், சிறுபான்மையினர் என்ற ஒதுக்கலை விடுத்து முழுக் குடியுரிமை வேண்டும் என்றும் அது பேசுகிறது. சமயம் மாறியவரைத் தண்டிக்கும் சட்டங்கள் இன்னும் பல நாடுகளில் உள்ளன. ஐரோப்பிய ஊர்களில் பள்ளிவாசல் கட்டுவதற்கு எதிர்ப்பும் உள்ளது. ஆவணத்தின் சொற்களுக்கும் இவற்றுக்கும் இடையிலுள்ள தூரத்தை இரு தரப்பும் இனித்தான் கடக்க வேண்டும்.

அதே 2019 அக்டோபர் 5 அன்று பிரான்சிஸ் புதிய கர்தினால்களுக்குச் சிவப்புத் தொப்பி அணிவித்தார். அவர்களில் ஒருவர், அவையின் புதிய தலைவர் அயூசோ. இன்னொருவர், பணி ஓய்வு பெற்று இங்கிலாந்தில் ஒரு பங்கில் உதவிக்கொண்டிருந்த 82 வயது ஃபிட்ஸ்ஜெரால்ட். 2024 நவம்பரில் அயூசோ மறைந்தார். 2025 ஜனவரியில் கேரளத்தின் சீரோ மலபார் திருச்சபையைச் சேர்ந்த கர்தினால் ஜார்ஜ் ஜேக்கப் கூவக்காட் அந்தப் பொறுப்புக்கு வந்தார்.