வெற்றிடத்துக்கும் வரலாறு உண்டு

வெற்றிடம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மாட்கள் சூனியம், பிரம்மம் என்று கிளம்பிவிடுகிறார்கள். ஃபிரிட்ஜாஃப் காப்ராவின் 'தாவோ ஆஃப் பிசிக்ஸ்' 1975இல் வந்ததிலிருந்து இந்த வியாபாரம் ஓய்ந்தபாடில்லை. ஆனால் இயற்பியல் பேசுகிற வெற்றிடம் என்றுமுள்ளதும் அல்ல, மாறாததும் அல்ல. அது உருவாக்கப்பட்டது, உருவான விதத்தின் தடயம் அதில் தங்கக்கூடும்.

இப்படி யோசித்தவர்களில் முக்கியமானவர் டாம் கிப்பிள். 1932இல் மதராசில் பிறந்தவர். அப்பா கிறித்துவக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். சிறுவயதிலேயே எடின்பரோ போனார். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இருந்தபோது, 1976இல் ஒரு கட்டுரை எழுதினார். பேரண்டம் குளிர்ந்தபோது, ஒன்றையொன்று எட்டமுடியாத பகுதிகள் தம்போக்கில் உறைந்திருக்கும். அவை பொருந்தாத இடங்களில் மெல்லிய இழைகள் தழும்பாக மிஞ்சியிருக்கலாம் என்றார். இவையே அண்ட இழைகள்.

இழையைச் சுற்றிய வெளி எப்படிப்பட்டது? அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தகட்டு வேலை செய்கிறவருக்கு இது கைப்பழக்கம். வட்டத் தகட்டில் நடுவிலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுத்து, ஓரங்களைச் சேர்த்துப் பத்தவைத்தால் கூம்பு. தகடு எங்கும் நீளவில்லை, சுருங்கவில்லை; ஆனால் முனையைச் சுற்றி வந்தால் சுற்றளவு குறைகிறது. நேரான இழையைச் சுற்றியுள்ள வெளியும் அப்படித்தான் என்று 1981இல் விலென்கின் காட்டினார். பக்கத்தில் நிற்கும் பொருளை அது இழுப்பதுகூட இல்லை.

ஆனால் குவாண்டம் புலங்களின் சலனம் அந்த வெட்டை உணர்ந்துவிடுகிறது. 1986இல் ஹெலிவெல், கொன்கோவ்ஸ்கி இருவரும் கணக்கிட்டார்கள்: இழைக்கு வெளியே, பொருளே இல்லாத இடத்திலும் ஆற்றல் சுழியல்ல. தூரம் இரட்டித்தால் அது பதினாறில் ஒரு பங்காகிறது. காசிமிர் 1948இல் சொன்ன விளைவுக்கு இரண்டு தகடுகள் தேவைப்பட்டன. இங்கே தகடே வேண்டாம், வெட்டு போதும்.

அண்ட இழையை இன்றுவரை யாரும் பார்த்ததில்லை. ஒரே விண்மீன்மண்டலம் இழையால் இரண்டாகத் தெரிகிறது என்று 2003இல் ஒரு பரபரப்பு. 2006இல் ஹபிள் படம் எடுத்தது. அவை இரு வேறு மண்டலங்கள். காப்ரா வகையறாவிடம் இல்லாத நேர்மை இதுதான்: தவறென்று நிரூபிக்கப்பட இடம்கொடுப்பது.

இதை உவமையாக்கி அரசியல் பேசினால் நாமும் காப்ரா செய்ததையே செய்கிறோம். கேள்வியை மட்டும் கடன் வாங்கலாம். அம்பத்தூர்ப் பக்கம் 'காலிமனை விற்பனைக்கு' என்று பலகை வைக்கிறார்கள். ஏரித்தண்ணி பாய்ந்த வயல் அது. நாற்று நட்டவர்கள் இருந்தார்கள். காலி என்கிறாயே, இங்கிருந்து எதை வெட்டியெடுத்தாய்?